மூச்சு வாங்குதா, மதினி?

"சார், ஒரே ஒரு கேள்வி. ரெண்டே வரியில பதில் சொன்னாப் போதும்…"

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். கணவன், மனைவி இருவருமே ஓய்வு பெற்றவர்கள். மகன் அமெரிக்காவில். வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார்கள்.

"டிராவல் இன்சூரன்ஸ் போடணுமா, வேண்டாமா சார்? போட்டே ஆகணும்னு மகன் ஒத்தக்கால்ல நிக்கிறான். எங்களுக்கு என்ன சார், ரெண்டு பேருமே கல்லு மாதிரி இருக்கோம்!"

கல்லு மாதிரி…

எங்கள் வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் இருந்தாள்.

"ரெண்டு வரியில முடியாதுண்ணே. இந்த வாரம் பத்தியிலேயே எழுதிர்றேன்" என்று சொல்லி போனை வைத்தேன். இதோ, எழுதுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மனைவி வசந்தாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரை திருநகரில் நாங்கள் இருவரும் தெருவில் இறங்கினால் அவள் முன்னால் போவாள். நான் பின்னால் ஓடுவேன். பஸ் ஸ்டாப்பில் இடம் பிடித்து உட்கார்ந்து, "ஆடி அசைஞ்சு வாரீங்களே, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கேட்பாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் எங்கள் நடை.

எங்கள் ஒரே மகள் கயல் கனடாவில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போனவள் நடுவில் ஒரே ஒரு தடவை வந்தாள். வந்தவளும் மாமியார் வீடு, நாத்தனார் வீடு, கோயில், ஜவுளிக்கடை என்று சுற்றிவிட்டு, எங்கள் வீட்டுக்கு மிச்சம் மீதி நாட்களைத்தான் கொடுத்தாள். ஏர்போர்ட்டில் அவளை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, "அவளுக்குத் தலை தேய்ச்சு விடவே இல்லைங்க" என்று வசந்தா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்புறம் எல்லாம் வீடியோ காலில்தான். அதிலும் ஒரு தொல்லை. மகள் முகம் திரையில் வந்ததும் வசந்தாவின் கை தானாக நீளும். கன்னத்தைத் தொடுவாள். விரல் எங்கேயாவது பட்டு, கால் கட் ஆகிவிடும்!

"அம்மா! கையை எடும்மா! எத்தனை தடவை சொல்றது?" என்று கயல் திரும்பக் கூப்பிட்டுக் கத்துவாள். "இனிமே தொட மாட்டேண்டி" என்பாள் இவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தொடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கயல் உண்டாகியிருக்கிற சேதி வந்தது.

தலைப்பிரசவம் என்றால் எங்கள் பக்கம் பேச்சே கிடையாது. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். பிள்ளை பிறந்து, பெற்றவளுக்குப் பிரசவ மருந்து கொடுத்து, பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் அனுப்புவது. ஆனால் கயலுக்கு அங்குள்ள டாக்டர் நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அவ வர முடியலைன்னா என்ன? தாய்வீடு அவகிட்டப் போகட்டும்" என்றாள் வசந்தா. அன்றைக்கே பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் எடுத்தோம். விசா வாங்கினோம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரைகல் எல்லாம் பெட்டிக்குள் போயின. என் பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. பச்சைப் பிள்ளையைப் பழைய வேட்டித் துணியில்தான் ஏந்த வேண்டுமாம். புதுத்துணி உடம்பை அறுக்குமாம். துவைத்து, வெயிலில் போட்டு, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் விசேஷத்துக்குக் கட்டுகிற வேட்டியையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் அதை எடுத்துப் பூட்டி வைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு கயல் கேட்டாள், "அப்பா, இன்சூரன்ஸ்?"

மறந்தே போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெற்ற மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே என்ன வந்துவிடப் போகிறது? உங்களில் எத்தனை பேர் இதையே நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கை தூக்க வேண்டாம்.

"இங்க ஆஸ்பத்திரிச் செலவு நமக்குக் கட்டுப்படி ஆகாதுப்பா. இன்சூரன்ஸ் இல்லாம பிளைட் ஏறாதீங்க" என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் வேல்முருகனைக் கூப்பிட்டேன். திருமங்கலத்துக்காரர். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். என்னை அண்ணே என்பார், வசந்தாவை மதினி என்பார். நல்ல மனுஷன். ஆனால் நேரம் காலம் பார்க்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த நேரத்தில் வந்து உட்கார்ந்தார்.

வசந்தா காபி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"மதினி, சுகர் இருக்கா?"

"இல்ல தம்பி."

"பிரஷர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நெஞ்சு வலி, படபடப்பு? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா, மதினி?"

"என்ன தம்பி, விளக்கு வச்சு அஞ்சு நிமிஷம் ஆகல. நல்ல காரியத்துக்குக் கிளம்புற வீட்டுல உக்காந்து நெஞ்சு வலி, மூச்சுன்னு கேக்குறீங்க?"

"கேக்கணும் மதினி. ஏற்கெனவே இருக்கிற சீக்கை மறைச்சுட்டா, நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் பணம் தர மாட்டான். பாலிசி சும்மா காகிதம்தான்."

"ஒண்ணும் ஆகாது."

வேல்முருகன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அப்புறம், கடவுள் புண்ணியத்துல அப்படி எதுவும் நடக்காது… நடந்துருச்சுன்னா, பாடியை ஊருக்குக் கொண்டு வர்ற செலவும் இதுலயே வந்துரும்" என்றார்.

வசந்தா எழுந்தாள். அவர் கையில் இருந்த டம்ளரைப் பாதிக் காபியோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்!

நான் அடக்க முடியாமல் சிரித்தேன். பாவம், அந்த மனுஷன் காபி போன கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வாரேண்ணே, காலையில" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்வெட்டர் வாங்க டவுனுக்குப் போனோம். மதுரை வெயிலில் ஸ்வெட்டர் வாங்குகிற கொடுமை இருக்கிறதே… போட்டுப் பார்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுக்குள் நுழைந்தோம். எப்போதும்போல அவள் முன்னால், நான் பின்னால்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை முன்னால் நின்றாள். வாளிகளைப் பார்த்தாள். நான் அவளை எட்டிப் பிடித்துவிட்டேன். அபூர்வம்!

மறுபடி நடந்தோம். ஸ்போர்ட்ஸ் கடை வந்தது. அங்கே நின்று கிரிக்கெட் மட்டைகளைப் பார்த்தாள். பேரன்தான் என்று முடிவே பண்ணிவிட்டாள் போல என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு பூட்டுக் கடை. அப்புறம் ஒரு கடியாரக் கடை. சாதாரணமாகக் கடைவீதிக்கு வந்தால் வாங்க வந்ததைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காதவள் அவள்.

வீதி திரும்புகிற இடத்தில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதன் முன்னாலும் நின்றாள்.

"என்னத்தப் பார்க்கிற?" என்றேன்.

"சும்மாதான்… நல்லாருக்குல்ல?"

"எது? செயின் ஸ்ப்ராக்கெட்டா?"

அவளுடைய ஒரு கை கடையின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே சேலை ஏறி ஏறி இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

வாளி, மட்டை, பூட்டு, கடியாரம்… எதையுமே அவள் பார்க்கவில்லை. மூச்சு விடுவதற்காக நின்றிருக்கிறாள். நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கடை பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த கூல்டிரிங்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு கேட்டேன்.

"எம்புட்டு நாளா?"

"என்னது?"

"வசந்தா…"

சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். "கயல் உண்டானதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்து" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்க. அவரு அதுக்கு ஒரு பேர் வச்சிருவாரு. பேர் வச்சுட்டா அது சீக்காயிரும். அப்புறம் அந்தத் தம்பி கேக்குறப்ப இல்லைன்னு சொன்னா பொய்யாயிரும். இப்ப நான் சொன்னது பொய்யில்லையே? எனக்கு என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதுல்ல?"

எந்த வக்கீலிடம் படித்தாளோ!

"காரியம் முடியட்டுங்க. பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தலை நின்னதும் வந்துருவோம். வந்த மறுநாளே டாக்டர்கிட்டக் காட்டிக்கிறேன். சத்தியமா" என்று என் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது.

காரியம் முடியட்டும்… எங்கள் ஊரில் நோய்க்குக்கூட நேரம் காலம் உண்டு. வீட்டில் கல்யாணமா? காய்ச்சல் மறுவீடு முடிகிறவரை காத்திருக்க வேண்டும். காதுகுத்தா, கிடா வெட்டா? எந்த வலியாக இருந்தாலும் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? இதைச் சொல்வது பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்களாகிய நமக்கு ஒரு தும்மல் வந்தாலே தெருவுக்கே தெரிந்துவிடுமே!

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குள் பெரிய போராட்டம். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வாங்கிய ஸ்வெட்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கயலுக்கு வாங்கிய மஞ்சள் ஸ்வெட்டர். நான் வாயை மூடிக்கொண்டால் அவள் மகளைப் பார்ப்பாள். பிறந்த பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்குவாள். எதுவும் ஆகாமலும் போகலாம். ஆகிவிட்டால்? நடு வானத்தில் அவளுக்கு மூச்சு முட்டினால் பார்ப்பதற்கு அங்கே எந்தக் கடை இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வேல்முருகனுக்கு போன் போட்டேன். "என் பிரெண்டு ஒருத்தர் வீட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

"மதினிக்குத்தானேண்ணே?" என்றார் அவர்.

நான் மாடிக் கதவைச் சாத்தினேன்.

"நேத்து காபி கொண்டாந்து குடுக்குறப்பவே மதினிக்கு மூச்சு வாங்குச்சுண்ணே. நான் பார்த்தேன். சொன்னா காபியோட வீட்டுக்குள்ள வர்றதும் நின்னு போயிருமேன்னு விட்டுட்டேன். நாளைக்கு நான் வரல. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. பாலிசி எங்க போகப் போகுது?"

அவள் முரண்டு பிடித்தும் கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தச் சோதனை, இந்தச் சோதனை என்று எல்லாம் எடுத்தார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார் டாக்டர்.

வசந்தா கேட்டது ஒரே கேள்விதான். "பிரசவம் பார்த்துட்டு வந்து பண்ணிக்கலாமா டாக்டர்?"

"யாருக்குப் பிரசவம்?"

"மகளுக்கு. கனடாவுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இந்த நெஞ்சோட நீங்க அவ்வளவு தூரம் போகக் கூடாது. கொஞ்ச மாசம் போகட்டும். அப்புறம் நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார். பொறுமையான மனுஷர். ஆனால் கொஞ்ச மாசத்துக்குப் பிரசவம் காத்திருக்குமா?

திரும்பும்போது ஆட்டோ பழங்காநத்தம் தாண்டியதும், "உங்களாலதான்" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. அவள் சொன்னது உண்மைதான். என்னால்தான். இன்னொரு தடவை நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

"நீங்கள் மட்டுமாவது போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். இவளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விட்டுவிட்டா? போய்த்தான் என்ன செய்வேன்? எனக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும்.

ஆக, யார் போவது? கயலின் மாமியார். எங்கள் சம்பந்தியம்மா. அவர்களும் திருமங்கலம்தான். மகளைப் பெற்றவள் இருக்கும்போது தலைப்பிரசவத்துக்கு மாமியார் போவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அது வசந்தாவுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. பெட்டி எடுக்க வந்தவர், தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தார்.

"மதினி, இது உங்க இடம். நான் உங்களுக்குப் பதிலா போறேன், அம்புட்டுதான். பெட்டியைக்கூட நான் பிரிக்கல. நீங்க அடுக்குனபடியே கொண்டு போறேன். மருந்து மட்டும் எப்படிக் கிண்டணும்னு நீங்க போன்ல சொல்லுங்க. உங்க வீட்டுப் பக்குவத்துலயே அவ சாப்பிடட்டும்" என்றார்.

வசந்தா பெட்டியைத் திறந்தாள். மேலாக அந்த மஞ்சள் ஸ்வெட்டரை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வேட்டியை எடுத்துட்டு வாங்க" என்றாள். ஆட்டோவுக்குப் பிறகு என்னிடம் அவள் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு அது. எந்த வேட்டி என்று நான் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து விசேஷ வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதையும் கிழித்து அடுக்கினாள்.

அன்றைக்கே வேல்முருகனும் பாலிசி போட வந்தார். சம்பந்தியம்மாவிடம் கேள்வியைத் தொடங்கும் முன்பே அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார்: சுகர், மூட்டுவலி, எப்போதோ வந்த மஞ்சள் காமாலை, பல் கட்டியது, மழைக்காலத்தில் காது அடைத்துக்கொள்வது… "போதும்மா, போதும், பல்லெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று வேல்முருகன்தான் கும்பிட்டார். வசந்தா சமையலறையிலிருந்து காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "முழுசாக் குடிங்க தம்பி" என்றாள்.

இனி உசிலம்பட்டி வாசகருக்கு என் பதில். போடுங்கள் அண்ணே. கட்டாயம் போடுங்கள். ஆனால் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் போடுங்கள். எது பாலிசிக்குள் வரும், எது வராது என்பதை வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி வாங்குகிற பாலிசியை நம்பி ஏறுவதும், ஒன்றுமே இல்லாமல் ஏறுவதும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. யோசித்துப் பார்க்கிறேன். வசந்தாவிடம் "மூச்சு வாங்குதா?" என்று இத்தனை வருஷத்தில் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? காபி ஆச்சா என்று கேட்டிருக்கிறேன். சாவி எங்கே என்று கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு வேற்று மனிதர் வந்து சோபாவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. பாலிசி வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்தக் கேள்விகளை மட்டுமாவது இன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் வீட்டம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். நம்பாதீர்கள். மறுநாள் கடைவீதிக்குக் கூட்டிப்போய்ப் பின்னாலேயே நடந்து பாருங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடக்கிறாள். இப்போது நான் முன்னால், அவள் பின்னால். இந்த வெற்றி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முந்தாநாள் அதிகாலை போன் அடித்தது. கயல்! பேத்தி பிறந்திருக்கிறாள். வசந்தாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் முதலில் சம்பந்தியம்மா வந்தார். அப்புறம் கேமரா இறங்கியது. என் விசேஷ வேட்டித் துணிக்குள் ஒரு சின்ன முகம். கண் மூடியிருந்தது. வாய் மட்டும் எதையோ சப்புக்கொட்டியது.

"அம்மா, பாத்தியா? உன் மூக்கும்மா!" என்று பின்னாலிருந்து கயலின் குரல் கேட்டது.

வசந்தா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டு இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"கையை ஏன் அப்படிச் சுருட்டி வச்சிருக்க? வலிக்குதா?"

திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"இல்லைங்க… தொட்டா கட் ஆயிரும்."